அன்னதான வரிசையில் அம்மா

எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு விளக்கு ஏற்றுவதில்லை. மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அன்று மாலை எல்லா வாசலிலும் அகல் எரியும். எங்கள் வாசலில் மட்டும் வழக்கமான டியூப்லைட், அதுவும் பலமுறை கண்ணடித்துவிட்டுத்தான் எரியும். அப்பாவின் வீட்டார் பாட்டன் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள். அதிலும் எங்கள் சபை கொஞ்சம் கண்டிப்பானது. பெண்கள் பொட்டு வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, கண்ணாடி வளையல்கூடக் கூடாது. தாலி என்று ஒன்று எங்கள் சபைப் பெண்கள் யார் கழுத்திலும் கிடையாது. அம்மாவின் காதில் ஓட்டை இருந்தது, கம்மல் இல்லை. அது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "அது பழைய அம்மாவோடது" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

பழைய அம்மா மண்ணிவாக்கத்துப் பெண். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் நாங்கள் போனதில்லை. அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிறவர். பெண்டாட்டி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, மகளுக்குத் தலை பின்னிவிடுவது முதற்கொண்டு அவரேதான் செய்து வளர்த்தாராம். அந்தப் பெண் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் துணி தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனது. அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தது. ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் வைத்துக் கல்யாணமும் செய்துகொண்டது. ஊரார் வீட்டுக்கெல்லாம் பந்தல் போட்டவர் பெண்ணுக்கு ஒரு கீற்றுகூடக் கட்டவில்லை என்று ஊர் சிரித்திருக்கிறது. தாத்தா நேராக ஏரிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு, எனக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? கரையில் நின்று அப்பாவின் பேரைச் சொல்லி, அவன் நல்லா இருக்க மாட்டான் என்று மண்ணை வாரித் தூற்றினார் என்றும் கேள்வி.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், மின்சார ரயிலில் மண்ணிவாக்கத்துக்காரி ஒருத்தி அம்மாவைப் பார்த்து, உங்கப்பா முன்ன மாதிரி இல்லை, ஏணியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. பாலைப் பொங்க விட்டாள். என் சட்டையைத் திருப்பிப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே, திருவண்ணாமலை தீபத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்றாள்.

அவளுடைய கணக்கு எளிமையானது. மண்ணிவாக்கத்து ஆட்கள் ஒவ்வொரு தீபத்துக்கும் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு, மலை சுற்றுகிறவர்களுக்குச் சோறு போடுவார்கள். பந்தலும் தாத்தாவினுடையது, கரண்டி பிடிப்பதும் தாத்தாதான். அந்த வரிசையில் கையேந்தி வருகிறவர் யாராக இருந்தாலும் அண்ணாமலையார் என்று நினைத்துப் போட வேண்டும். நீ யார், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. ஒருவரைத் திருப்பி அனுப்பினாலும் செய்த தானமெல்லாம் வீண் என்பது அவர்கள் முறை. வீட்டு வாசலில் போய் நின்றால் கதவைச் சாத்திவிடலாம். அன்னதான வரிசையில் நிற்கிற மகளைப் போ என்று சொல்ல முடியாது.

அப்பா தடுக்கவில்லை. சபைக்குத் தெரிந்தால் வாரக்கணக்கில் விசாரணை நடக்கும், அது அவருக்கும் தெரியும். மோர்ச்சோற்றைப் பிசைந்து முடித்துவிட்டு, "போயிட்டு வா. என்னைப் பத்திக் கேட்டா, நல்லா வெச்சிருக்காருன்னு சொல்லு" என்றார். அம்மா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல புடவையை எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைப் பருத்திப் புடவை, ஓரத்தில் மெல்லிய சாம்பல் கரை. அப்பாவே கஞ்சி போட்டு, அப்பாவே இஸ்திரி போட்டார். மகள் சீரும் சிறப்புமாக இருக்கிறாள் என்று மாமனாருக்குத் தெரிய வேண்டாமா?

தீபத்தன்று காலையில் பெருங்களத்தூரில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் மெட்ராஸே காலியாகிவிட்டது போல் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் வருவதற்கு முன்பே ஜனம் பஸ்ஸைத் துரத்தியது. அப்பா ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். பிறகு அதே ஜன்னல் வழியாக என்னையும் உள்ளே போட்டார். வாழைப்பழச் சீப்பு ஒன்றும் பின்னாலேயே வந்தது. பஸ் நகர்ந்தபோது அவர் செருப்பில் ஒன்று எங்கோ போயிருக்க, ஒற்றைக் காலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, அவள் அப்போதே திருவண்ணாமலைக்குப் போய்விட்டிருந்தாள்.

எனக்கு உள்ளூரப் பயம். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கும் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தொடக் கூடாது. போவதோ விக்கிரகங்களின் தலைநகருக்கு. ஆனால் மலை உச்சியில் நெருப்பு எரியும் என்று கேட்டதிலிருந்து ஆசையும் விடவில்லை. மலையில் நெருப்பு என்றால் எனக்குத் தெரிந்தது சீனாய் மலைதான். மோசே ஏறின மாதிரியே ஒன்று இங்கே தமிழ்நாட்டிலும், அதுவும் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது என்பதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே செஞ்சி வரைக்கும் தூங்கினேன்.

பஸ்ஸை ஊருக்கு வெளியே ஒரு வயல்காட்டில் நிறுத்திவிட்டார்கள். இறங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். என் செருப்பையும் கழற்றினாள். எங்கே பார்த்தாலும் தலை. அந்தக் காலையில் மழை பெய்திருந்தது, பாதையெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் பட்டுப்புடவைக்காரிகளும் நடந்தார்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டவர்களும் நடந்தார்கள். காவி வேட்டிக்காரர் ஒருவர் படுத்து உருண்டுகொண்டே போனார். பொரி விற்பவன், கரும்பு விற்பவன், பீப்பீ விற்பவன், தொலைந்துபோன பிள்ளைகளின் பேரை ஒலிபெருக்கியில் வாசிப்பவன் என்று எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து காதை அடைத்தது. மலை மட்டும் நாங்கள் எவ்வளவு நடந்தாலும் வலது கைப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தது. கால் எரிகிறது என்று அழுதேன். இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று சொல்லியே இழுத்துப் போனாள்.

பந்தலைத் தூரத்தில் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். மஞ்சளும் சிவப்புமாகத் துணி சுற்றிய பந்தல். "அந்த மடிப்பைப் பாரு, எங்கப்பா கை" என்றாள். பைப்படியில் என் முகத்தைக் கழுவினாள். தன் முகத்தையும் கழுவி, புடவையை உதறிச் சரிசெய்து, தலையை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு நாங்கள் வரிசையில் நின்றோம். நான் மெதுவாக அவள் புடவையை இழுத்து, படைத்ததைச் சாப்பிடலாமா என்று கேட்டேன். இது படைத்தது இல்லை, எங்கப்பா போடுகிற சோறு என்றாள்.

வரிசை நகர்ந்தது. பெரிய அண்டாவுக்குப் பின்னால் தோளில் ஈரத்துண்டோடு ஒரு கிழவர் நின்று, நிமிர்ந்து பார்க்காமல் தொன்னையில் சாம்பார் சாதத்தை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ கை பார்த்தவர், அவருக்கு முகம் தேவைப்படவில்லை. அம்மாவின் முறை வந்தது. தொன்னையை ஏந்திக் கையை நீட்டினாள். அவர் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். வளையல் இல்லாத மணிக்கட்டு. பார்வை மெல்ல மேலே ஏறியது. வெள்ளைப் புடவை. வெறுங்கழுத்து. கம்மல் இல்லாத காது. பொட்டில்லாத நெற்றி. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

கரண்டி அப்படியே நின்றது. பின்னால் நின்றவன், "இன்னா தாத்தா, போட்டுகினே இரு, பின்னால எவ்ளோ பேர் கீறோம்" என்று சத்தம் போட்டான். கிழவர் கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டார். மேஜையைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார்.

"இன்னாடி கோலம் இது?" என்றார். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அவர் கை அம்மாவின் தலையில் இருந்தது. அம்மா அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். அவர் என்ன கேட்கிறார் என்பது அவளுக்கு உடனே விளங்கவில்லை. வருஷக்கணக்காகச் சபைப் பெண்களோடு சபைப் பெண்ணாகவே இருந்து பழகிவிட்டவள், தன் நெற்றி ஊர்க்காரர்களுக்கு என்ன சொல்லும் என்பதை மறந்தே போயிருந்தாள். பொட்டும் பூவும் தாலியும் இல்லாமல், வெள்ளைப் புடவையில், ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, சோற்றுக்கு வரிசையில் வந்து நிற்கிற மகளைப் பார்த்த தகப்பனுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். மருமகன் போய்விட்டான். பெண் அறுத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

பந்தலுக்குள்ளிருந்து அத்தை ஓடி வந்தாள். அம்மாவின் அண்ணன் மனைவி. அம்மாவைக் கட்டிக்கொண்டு, இந்த வயசிலேயா உனக்கு இப்படி ஆகணும் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்ற மண்ணிவாக்கத்துப் பெண்களும் அழுதார்கள். அந்த அழுகையில்தான் அம்மாவுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. எனக்கு எதுவும் புரியவில்லை. ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரர்களைப் பார்த்தால் இப்படித்தான் அழ வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் நானும் அழுதேன்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ராஜ உபசாரம். அரிசி மூட்டை மேல் உட்கார வைத்து, தாத்தா தன் கையாலேயே எனக்கு ஊட்டிவிட்டார். அவரிடம் திருநீறும் சாம்பாரும் கலந்த ஒரு வாசனை வந்தது. அம்மாவை அவர் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். ஒரு கையால் எனக்கு ஊட்டினார், இன்னொரு கையை அவள் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. அம்மா சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பந்தலில் ஒரு சாமி படத்தின் முன்னால் தட்டு இருந்தது. தாத்தா அதை எடுத்து வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, நடுவில் குங்குமமும் வைத்தார். ஓய்வுநாள் பள்ளி அக்காவை நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பிறகு அம்மாவுக்குத் திருநீறு மட்டும் பூசினார். குங்குமத்துக்குப் போன விரல் பாதியில் நின்று திரும்பிவிட்டது. எனக்கு இரண்டும் வைத்துவிட்டு அம்மாவுக்கு மட்டும் ஒன்றைக் குறைத்துவிட்டாரே, இன்னும் கோபம் போகவில்லை போலும் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பொழுது சாயச் சாயக் கூட்டம் நடையை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்து நிற்க ஆரம்பித்தது. அம்மா கை கழுவப் போயிருந்தாள். தாத்தா என் பக்கம் குனிந்து, "பாப்பா, உங்கப்பாவ ஞாபகம் கீதா?" என்று கேட்டார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் என்னை ஜன்னல் வழியாகப் பஸ்ஸில் போட்டவரைச் சாயங்காலத்துக்குள் மறந்துவிட நான் என்ன அவ்வளவு மக்கா? ஞாபகம் இருக்கிறது என்று பலமாகத் தலையாட்டினேன்.

தாத்தா பொலபொலவென்று அழுதுவிட்டார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "நான் வுட்ட வார்த்ததான் பாப்பா. ஏரிக்கரையில நின்னுகினு வாயில வந்ததெல்லாம் வுட்டேனே. அதான் அவனத் தூக்கிகினு பூட்ச்சு. உங்கப்பன நான்தான் கொன்ட்டேன்" என்றார்.

ஏதோ ஒரு கதை சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். கடைசி வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் முகம் செத்துவிட்டது. "அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். அரோகரா என்று எழுந்த சத்தத்தில் பூமி ஒருமுறை ஆடியது. தாத்தா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்குகிறது என்றார்களே, எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ! இருட்டத் தொடங்கிய மலையின் நுனியில் சின்னதாக ஒரு நெருப்பு. அகல்விளக்குச் சுடர் அளவுக்குத்தான் தெரிந்தது. சீனாய் மலையை நான் இன்னும் பெரிதாக நினைத்திருந்தேன். ஆனாலும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கை கூப்பியபோது என் கையும் தானாகக் கூப்பிக்கொண்டது. கீழே பார்த்தேன். எல்லோரும் மலையைப் பார்க்க, அம்மா மட்டும் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூச்சலில் சொல்ல முடியாமல் போயிற்று என்று சாக்குச் சொல்வதற்கில்லை. அதற்குப் பிறகும் வெகுநேரம் அங்கேதான் இருந்தோம். தாத்தா, வீட்டுக்கு வந்துவிடு, உன் அறை அப்படியே இருக்கிறது, பெண் இங்கேயே படிக்கட்டும் என்றார். அம்மா தலையை ஆட்டினாள். இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். தாம்பரம் பக்கம் என்றாள். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, நானே வந்து பார்க்கிறேன்ப்பா என்றாள். வேன் தாம்பரம் வழியாகத்தான் போகும், வாசலிலேயே இறக்கிவிடுகிறோம் என்றார்கள். நான் துள்ளிக் குதித்து வேனில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தும்விட்டேன். அம்மா வந்து, நாங்கள் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று சொல்லி என்னைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அடுத்த தீபத்துக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்று தாத்தாவின் காலைத் தொட்டாள். ஊருக்கு வெளியே இருந்த வயல்காடு வரை நடந்து, பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே வந்தோம். நான் வழிநெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து போக வண்டி இருக்கும்போது நின்றுகொண்டு போகிற புத்தி யாருக்கு வரும்?

பெருங்களத்தூர் வருவதற்கு முன்னால் அம்மா என் நெற்றியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். தன் நெற்றியைத் துடைக்க மறந்துவிட்டாள்.

விடிகாலையில் பஸ் ஸ்டாப்பில் புதுச் செருப்போடு அப்பா காத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நீட்டினார். வீட்டுக்கு வந்து காப்பி கலக்கும்வரை பொறுத்திருந்தவர், அதற்கு மேல் தாங்காமல் கேட்டார்.

"பேசினாரா?"

"பேசினாரு."

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "கேட்டாரு" என்றாள்.

"என்ன கேட்டாரு?"

அம்மா பால் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள். அவளுக்குக் களைப்பு போலும், நானாவது சொல்வோம் என்று முந்திக்கொண்டேன். "உங்களை ஞாபகம் இருக்கான்னு என்கிட்ட கேட்டாருப்பா. இருக்குன்னு சொன்னேன். உடனே உங்களுக்காக எப்படி அழுதாரு தெரியுமா! தப்பெல்லாம் என்னோடதுதான்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அன்றைய குடும்ப ஜெபத்தில் முதல்முறையாக மண்ணிவாக்கத்துத் தாத்தாவின் பேர் சொல்லி, அவருக்கு நல்ல சுகத்தைக் கொடும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டார். அடுத்த மாதமே தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல கரைவேட்டியும் அங்கவஸ்திரமும் வாங்கி வந்து பீரோவில் வைத்தார். அடுத்த தீபத்துக்கு நானும் வருகிறேன், சாமி கும்பிட மாட்டேன், பந்தலுக்கு வெளியே நின்று இதை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம், என் மாமனார் மனசு மாறிட்டாரு சார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அம்மா, பார்க்கலாம் என்பாள். அவ்வளவுதான்.

இதன் இன்னொரு பாதியை அம்மா எனக்குச் சொன்னது ரொம்ப காலத்துக்குப் பிறகு. அப்பாவை அடக்கம் செய்த வாரம், மேடவாக்கத்தில் என் ஃப்ளாட்டில். அப்பா போனதும் அவளிடம் கழற்றவோ அழிக்கவோ எதுவும் இருக்கவில்லை. துக்கத்துக்கு வந்த பக்கத்து ஃப்ளாட்டுப் பெண் அவளைப் பார்த்துவிட்டு, எப்போது பொட்டை எடுத்தீர்கள் என்று தெரியாமல் கேட்டுவிட்டாள். அன்றுதான் அம்மா உடைந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தீபத்துக்குப் பிறகான மாதங்களில் பலமுறை மண்ணிவாக்கம் பஸ் ஏறப் போயிருக்கிறாள். ஒருமுறை ஊர் நிறுத்தம் வரை போய் இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாளாம். நான் கேட்டேன், ஏம்மா அங்கேயே சொல்லல என்று.

"சொன்னா கைய எடுத்துடுவாரோன்னு பயம்டி" என்றாள். "அவன் உசுரோட கீறானான்னு கேட்டு, கைய எடுத்துகினு எழுந்து பூட்டாருன்னா? கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நெனச்சேன். கொஞ்ச நேரம்தான்." வருஷக்கணக்காக அப்பாவின் வீட்டுத் தமிழைப் பேசிக்கொண்டிருந்தவள் அன்று மண்ணிவாக்கத்துப் பெண்ணாகவே பேசினாள்.

நான் அவளைக் குறை சொல்லவில்லை. அந்தக் கை என் தலையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. தன் நாக்கு ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டது என்று நம்பிக்கொண்டே அந்தக் கிழவர் இருந்தார், அதை மாற்ற அரை மணி நேரப் பஸ் பயணம் போதுமாயிருந்தது.

அது நடக்கவில்லை. அடுத்த தீபம் வருவதற்கு முன், புரட்டாசியில் ஒரு மாலை, அம்மா மார்க்கெட்டிலிருந்து வெறும் பையோடு திரும்பி வந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர்க்காரி ஒருத்தி வழியில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். தாத்தா ஆடியிலேயே போய்விட்டார். கருமாதியும் முடிந்துவிட்டது. தகவல் சொல்ல உன் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, தாம்பரம் முழுக்கத் தேடிவிட்டு விட்டுவிட்டோம் என்றாளாம்.

அப்பா எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அதன் மேல் ஒட்டியிருந்த கடைக்காரன் சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஒரு தடவைகூட முகம் பார்த்துப் பேசாத மனிதருக்காக அப்பா வாய்விட்டு அழுதார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன்.

"அழாதீங்கப்பா. தாத்தாவும் அன்னிக்கு உங்களுக்காக இப்படித்தான் அழுதாரு."

அம்மா வாசற்படியிலிருந்து எழுந்தாள். எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி வந்து நாலைந்து நாளாகியிருந்தது, மேல்தொட்டியில் இருந்ததே கொஞ்சம்தான். அம்மாவோ அதை மூடவே இல்லை. நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்காமல் எதற்கு இப்படித் தண்ணீரை வீணாக்குகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.